சக்திக்கு மேல் சுமத்தாதீர்!

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹு தஆலாவுக்கே புகழனைத்தும் உரித்தாகுக! அவனுடைய சாந்தியும் சமாதானமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி நடக்கும் நல்லடியார்கள் மீதும் என்றென்றும் நிலவுக!



ஒவ்வொரு பொருளையும் ஓர் அளவின்படியே படைத்திருப்பதாக அல்லாஹு தஆலா சூரத்துல் கமரின் 49ஆவது வசனத்தில் அறிவிக்கிறான். மழைக்கு அளவு உண்டு. மூச்சுக்கு அளவு உண்டு. அவ்வாறே ஓர் உயிர் தாங்கும் வெப்பத்துக்கும் அளவு உண்டு. அந்த அளவை நாம் எவ்வாறு மதிக்க வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள். அதற்கு ஓர் எளிய படைப்பைச் சான்றாக எடுத்துக் கொள்வோம். கடற்கரைப் பாறையில் ஒட்டிக் கிடக்கும் சிப்பியே அது.

பாறையில் ஒரு சமுதாயம்

பூமியில் ஊர்ந்து திரியும் உயிரினங்களும் சிறகடிக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று சூரத்துல் அன்ஆமின் 38ஆவது வசனம் உணர்த்துகிறது. சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரையிலும், குமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம் பகுதிகளிலும் பாறைகளைப் பற்றிக்கொண்டு வாழும் சிப்பிகள் அத்தகைய ஒரு சமுதாயம். தம் உடலிலிருந்து சுரக்கும் நார்களால் பாறையை இறுகப் பற்றிக் கொள்கின்றன. அலை கொண்டு வரும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கின்றன. மீனைப் போல் குளிர்ந்த ஆழத்துக்கு நீந்திச் செல்ல அவற்றால் இயலாது. நண்டைப் போல் நிழலுக்கு ஓடவும் இயலாது. ஓதம் வற்றிக் கடல்நீர் இறங்கும் வேளையில் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் இருந்த இடத்திலேயே இருந்து தாங்கியாக வேண்டும்.

அவற்றைப் படைத்த ரஹ்மான் அதற்கான வழிகளையும் கொடுத்திருக்கிறான். நீர் இறங்கியதும் சிப்பி தன் இரு ஓடுகளையும் மூடிக் கொள்கிறது. உள்ளே சிறிது கடல்நீரைத் தேக்கி வைத்துக் கொள்கிறது. உடலின் இயக்கத்தைக் குறைத்து, காற்றில்லாமலேயே சில மணி நேரம் காலம் தள்ளுகிறது. வெப்பத்தால் உடலின் புரதங்கள் உருக்குலையத் தொடங்கினால், அவற்றைச் சீர்படுத்தவே தனிப் புரதங்களைச் சுரக்கிறது. அதே பாறையில் வாழும் சிறு கடல் நத்தைகளுள் சில, சுடும் பாறையோடு உடல் படாதபடி ஓட்டை நிமிர்த்தி நின்று கொள்கின்றன. சுப்ஹானல்லாஹ்!

ஆனால் இந்தப் பொறுமைக்கு ஒரு விலை உண்டு. சீர்படுத்தும் வேலைக்குச் செலவாகும் சக்தி, வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் கிடைப்பதில்லை. நாள்தோறும் சுடப்பட்ட சிப்பி உயிரோடு இருக்கும். ஆனால் மெலிந்தே இருக்கும்.

பழகியது என்பதன் பொருள்

நமக்கு அண்மையிலுள்ள கல்பாக்கத்தில் மதராஸ் அணு மின் நிலையம் 1980களில் இயங்கத் தொடங்கியது. இயந்திரங்களைக் குளிர்விக்கக் கடலடியில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே கடல்நீர் எடுக்கப்படுகிறது. அந்தச் சுரங்கச் சுவரில் பச்சைச் சிப்பிகள் ஏராளமாய் ஒட்டி வளர்ந்து நீரோட்டத்துக்கு இடையூறு செய்தன. அவற்றை அகற்றும் வழி தேடிய விஞ்ஞானிகள், சிப்பி எவ்வளவு வெப்பத்தை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் ஆராய்ந்தார்கள். எல்லையை நெருங்கிய பிறகு வெப்பம் சிறிதளவே கூடினாலும், சிப்பி தாங்கி நிற்கும் நேரம் வெகுவாகக் குறைந்து விடுகிறது. மணிக்கணக்கில் தாங்கிய உயிர் நிமிடங்களில் மடிகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வெப்ப நாட்டுக் கரையோர உயிரினங்கள் குளிர்நாட்டு உயிரினங்களை விட அதிக வெப்பத்தைத் தாங்கக் கூடியவை. அதனால் அவற்றுக்குக் கவலையில்லை என்று எண்ணத் தோன்றும். உண்மையோ வேறு. அவை தங்கள் எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்கின்றன. இன்னும் சில டிகிரி கூடினால் ஒதுங்க இடமில்லை. வெப்பத்துக்குப் பழகியவன் என்றால் எல்லையின் ஓரத்தில் நிற்பவன் என்றே பொருள்.

குளிர்நாடும் இன்று தப்பவில்லை. 2021 ஜூன் இறுதியில் கனடாவின் மேற்குக் கரையை வெப்ப அலை தாக்கியது. லிட்டன் என்னும் ஊரில் 49.6 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. கரையோரப் பாறைகளின் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. சிப்பி முதலான கரையோர உயிரினங்கள் நூறு கோடிக்கும் மேல் மடிந்திருக்கலாம் என்று பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர் கணக்கிட்டார். நம் இந்தியப் பெருங்கடலின் வெப்ப மண்டலப் பகுதியோ 1951 முதல் 2015 வரை சராசரியாக ஒரு டிகிரி சூடேறியிருப்பதாக 2020இல் வெளியான மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. மனிதக் கரங்கள் தேடிக் கொண்டவற்றால் தரையிலும் கடலிலும் சீர்கேடு வெளிப்பட்டு விட்டது என்று சூரத்துர் ரூமின் 41ஆவது வசனம் எச்சரிப்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

சிப்பியை உண்ணலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபில் கடல் உயிரினங்களுள் மீன் மட்டுமே ஆகும். ஆனால் அல்லாஹ்வின் படைப்பை அநியாயமாக வதைக்கக் கூடாது என்பதில் எந்த மத்ஹபிலும் வேறுபாடு இல்லை.

அபூதர் (ரலி) அறிவிக்கும் இரண்டு செய்திகள்

நல்லடியார்களே! கடலிலிருந்து விலகியிருக்கும் மண்ணூரில் சிப்பியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். நம்மைச் சுற்றிப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என எங்கும் தொழிற்சாலைகள். அவற்றில் உழைப்பதற்காகத் தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்தும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். உலை அருகே நிற்பவரும், தகரக் கொட்டகையில் மூட்டை ஏற்றுபவரும், உச்சி வெயிலில் கம்பி கட்டுபவரும் நினைத்த நேரத்தில் நிழலுக்குப் போக முடியாது. பாறையில் ஒட்டிய சிப்பியின் நிலைதான் அவர்களுக்கும். அவர்களைப் பற்றி நாம் சொல்லும் சமாதானம் என்ன? “அவர்களுக்கு இதெல்லாம் பழகிப் போய்விட்டது” என்கிறோம்.

ஒரு பிரயாணத்தில் முஅத்தின் லுஹருக்கு அதான் சொல்ல முனைந்தார். வெப்பம் தணியட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தாமதிக்கச் செய்தார்கள். மணல் மேடுகளின் நிழல் கண்ணுக்குத் தெரியும் வரை தாமதிக்கச் செய்தார்கள் என்று அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). தொழுகையை விடப் பெரிய கடமை ஏது? அந்தத் தொழுகைக்கே கடும் வெயிலில் நேரத்தைத் தள்ளி வைக்க மார்க்கம் இடமளிக்கிறது. அப்படியிருக்க, நாம் வாங்கும் வேலையின் நேரத்தைச் சற்று மாற்றி வைக்கக் கூடாதா?

அதே அபூதர் (ரலி) அவர்களே மற்றொரு செய்தியையும் அறிவிக்கிறார்கள். நமக்குக் கீழ் பணிபுரிவோர் நம் சகோதரர்கள். அவர்களின் சக்திக்கு மீறியதைச் சுமத்தக் கூடாது. சுமத்தினால் நாமும் கூட நின்று உதவ வேண்டும் என்பது நாயகத்தின் கட்டளை (புகாரி, முஸ்லிம்). வாயில்லாப் பிராணிக்கும் இதே நீதிதான். ஓர் அன்சாரியின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அதன் உரிமையாளரை அழைத்து, பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று கண்டித்தார்கள் (அபூதாவூது).

ஆகவே இதை உள்ளத்தில் பதித்துக் கொள்ளுங்கள். ஸப்ரு என்பது சுமப்பவனுக்கு அழகு. சுமத்துபவன் அதைச் சாக்காகக் காட்ட முடியாது. முறையிடாத உயிர் வலியில்லாத உயிர் அன்று.

நாம் செய்ய வேண்டியவை

நம் ஜமாஅத்தில் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள், மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள், அறைகளை வாடகைக்கு விட்டவர்களும் இருக்கிறார்கள். கோடையில் வெளி வேலையை அதிகாலைக்கும் மாலைக்கும் மாற்றுங்கள். கேட்காமலேயே குடிநீரும் நிழலும் ஓய்வும் கொடுங்கள். தகரக் கூரைக்கு மேல் கீற்று வேயுங்கள் அல்லது வெள்ளை பூசுங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் சட்டத் திருத்தம் செய்தது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024இல் அறிவித்தது. சட்டம் வரும் முன்பே செய்ய வேண்டியவர்கள் நாமல்லவா?

உழைக்கும் இளைஞர்களே! உங்கள் உடல் அல்லாஹ்வின் அமானத். தாகத்தோடு ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் உழைத்தால் சிறுநீரகம் கெடும். நம் தமிழக உப்பளத் தொழிலாளர்களிடையே நடந்த ஆய்வுகளும் இந்த ஆபத்தைக் காட்டியிருக்கின்றன. தாகம் எடுக்கும் முன்பே நீர் அருந்துங்கள். உடன் பணிபுரிபவர் உடல் கொதித்து, பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ தாமதிக்க வேண்டாம். நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடலை நீரால் நனைத்து விசிறுங்கள், 108க்கு அழையுங்கள். அவர் எம்மதத்தவராயினும் உங்கள் சகோதரரே.

தாய்மார்களே! வீட்டு வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வையுங்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது அவருக்கு ஸதக்கா ஆகும் என்று நபிமொழி கூறுகிறது (புகாரி). வேம்போ புங்கையோ ஒன்றை உங்கள் பிள்ளைகளின் கையால் நடச் செய்யுங்கள். தேவையற்ற விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். வீண்விரயத்தின் வெப்பம் கடைசியில் ஓட இயலாதவனின் தலையிலேயே இறங்குகிறது.

யா அல்லாஹ்! எந்த ஆன்மாவுக்கும் அதன் சக்திக்கு மேல் சிரமம் தராத ரஹ்மானே! எங்கள் கரங்களால் பிறர் மீது சக்திக்கு மீறிய சுமை ஏறாமல் காப்பாயாக! வெயிலில் உழைப்போரின் உடல்நலத்தையும் ரிஸ்கையும் பாதுகாப்பாயாக! தரையிலும் கடலிலும் நீ வைத்த அளவை மீறாத நன்மக்களாக எங்களையும் எங்கள் சந்ததியினரையும் ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.