ஹவுஸ்கீப்பிங்: 4

(வலையபட்டிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வருகிற அக்கா தங்கச்சிகளே,

கொரோனா நேரத்தில் ஆஸ்பத்திரிகள் ஆட்களை எப்படி நிர்வகித்தன என்று பேசச் சொன்னார்கள். நான் தலைமை நர்சாக டூட்டி சார்ட் எழுதினவள். அதனால சார்ட்டைப் பத்தியே பேசுறேன்.

2021 மே மாசம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்குத் தொற்று. இருக்கிற ஆளைத்தான் மூணு ஷிப்டுக்குப் பிரிக்கணும். கவச உடைக்குள்ள ஒருத்தர் எத்தனை மணிநேரம் தண்ணி குடிக்காம நிற்க முடியும், காய்ச்சல்ல விழுந்தவங்க இடத்துக்கு யாரு, எல்லாம் பார்க்கணும். சார்ட்டில் டாக்டர் பெயர் இருக்கும். நர்ஸ் பெயர் இருக்கும். கடைசி வரியில் 'ஹவுஸ்கீப்பிங்: 4' என்று இருக்கும். பெயர் கிடையாது, எண்தான். அவங்க ஒப்பந்தக்காரரோட ஆள். பட்டியல் சூப்பர்வைசர் பையில் இருக்கும். கேட்டால், "நாலு பேர் வருவாங்க சிஸ்டர், யார் வந்தா உங்களுக்கென்ன?" என்பார்.

வந்ததெல்லாம் பெரும்பாலும் நம்ம சேரிப் பெண்கள். மலசலம் அள்ளினது, கழிவை மஞ்சள் பையில் இரட்டையாக் கட்டித் தூக்கினது, செத்த உடம்பைப் பொதிஞ்சது அவங்க. 2020இல் ஒரு வாரம் வார்டில் நின்ன எங்களுக்குத் தனிமையில் இருக்க லாட்ஜில் ரூம். அவங்களுக்கு ஒத்தை அறை வீடு. "எங்க சிஸ்டர் தனியா இருக்கிறது, அடுப்புக்குப் பக்கத்துலயா?" என்று ஒரு அக்கா கேட்டாங்க.

1918 இன்ஃபுளுவென்சாவில் பம்பாயில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று சாதிவாரிக் கணக்கு இருக்கிறது. ஐரோப்பியர் 8.3. சாதி இந்துக்கள் 18.9. கீழ்ச்சாதி என்று பதியப்பட்டவர்கள் 61.6. கிருமிக்குச் சாதி தெரியாது என்று மேடையில் பேசுகிறவர்கள் இதை ஒருதரம் படிக்கட்டும்.

பெயர் இல்லாட்டி என்ன நட்டம்? 2020 மார்ச்சில் மத்திய அரசு சுகாதாரப் பணியாளருக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவித்தது. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரும் அதில் இருந்தார்கள். ஆனால் செத்தவர் கொரோனா வேலையில் இருந்தார் என்று ஆஸ்பத்திரி சான்று கொடுக்க வேண்டியிருந்தது. சார்ட்டில் '4' என்று மட்டும் இருந்தால், அந்த நாலில் இவளும் ஒருத்தி என்று எதை வச்சு நிரூபிக்கிறது? 2021 மேயில் மாநில அரசின் ஊக்கத்தொகை வந்தது. டாக்டருக்கு 30,000, நர்சுக்கு 20,000, மற்றவர்களுக்கு 15,000. ஆபத்து ஒண்ணு, விலை மூணு! அந்தப் படிக்கட்டு இருக்கட்டும். 'மற்றவர்' ஆகிறதுக்கே பெயர் வேணுமே.

2020 மே 3 அன்று ஹெலிகாப்டரில் வந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூத் தூவினார்கள். பிறகு அதைக் கூட்டி அள்ளினது யார் என்று நான் சொல்லவேண்டாம்.

அவசரத்துக்கு எடுத்த ஒப்பந்த நர்சுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஓடு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கையில் நியமன ஆணை இருந்ததால் அவர்கள் அதைக் காட்டித் தெருவில் உட்கார்ந்து கேட்க முடிந்தது. நம்மகிட்ட என்ன காகிதம் இருக்கு?

டாக்டர், நர்ஸ், துப்புரவு எல்லாருக்கும் ஒரே சார்ட், எல்லார் பெயரும், ஒரு பிரதி சுவரில். நாம கேட்க வேண்டியது இது. கிடைக்கிற வரைக்கும் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. தேதி, ஷிப்ட், வார்டு எழுதி அன்னைக்கு டூட்டியில் இருக்கிற நர்சிடம் கையெழுத்து வாங்குங்க. எழுதத் தெரியாட்டி பள்ளிக்கூடம் போற பிள்ளை எழுதட்டும். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிற நர்ஸ் யாருன்னு எனக்குச் சொல்லுங்க, நான் வந்து பேசுறேன்.