குளிருக்குச் சாத்திய கதவு

மார்கழி பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையிலும், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையிலும் இளம் தம்பதியரின் கார்களை நிறையப் பார்க்கலாம். கொண்டை ஊசி வளைவில் நிதானமாகப் போங்கள், ஸ்வெட்டரை மறக்காதீர்கள் என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்புவார்கள். சொல்ல வேண்டியவைதான். ஆனால் உயிரோடு தொடர்புடைய இன்னொன்றைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மலையில் தங்கும் குளிர்கால இரவில், குளிரைவிட அதிகமாக அஞ்ச வேண்டியது அதை விரட்ட மூடிய அறைக்குள் கொண்டுவரும் நெருப்பைத்தான்.

முதலில் குளிரையே எடுத்துக்கொள்வோம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகமில்லாத டிசம்பர், ஜனவரி இரவுகளில் தரை தன் வெப்பத்தை வேகமாக இழக்கும். கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். அதனால்தான் தலைக்குந்தா போன்ற இடங்களில் விடியற்காலையில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கிறது. வெப்பநிலை அங்கே பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்குகிறது. ஆனால் அது வெட்டவெளியின் கணக்கு. நான்கு சுவருக்குள், இரண்டு கம்பளி போர்த்திப் படுத்திருக்கும் ஆரோக்கியமான மனிதருக்கு அந்தக் குளிர் தொல்லை தரலாம், தூக்கத்தைக் கெடுக்கலாம், உயிரை எடுக்காது.

அறைக்குள் இருக்கும் நெருப்பு எடுக்கும். 2020 ஜனவரியில், நேபாளத்தின் தாமன் என்னும் மலையூரில் ஒரு விடுதியில் தங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, ஒரே அறையில் இறந்துபோனார்கள். குளிருக்காக எரிவாயு ஹீட்டரை ஏற்றி, கதவையும் சன்னலையும் சாத்திவிட்டுத் தூங்கியிருந்தார்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலைச்சாலையில் கடும் பனிப்பொழிவில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் சிலரைக் கொன்றது குளிரல்ல, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் நச்சுவாயு என்று அப்போதே கூறப்பட்டது. பனி புகைக்குழாயை அடைத்துவிட்டால், வெளியேற வேண்டிய வாயு காருக்குள்ளேயே கசியும். இதெல்லாம் பனி கொட்டும் நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. நம் மலைகளிலும், பார்பிக்யூ முடிந்தபின் மிஞ்சிய கரித்தணலை அறைக்குள் எடுத்துவைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாத செய்திகள் வந்திருக்கின்றன.

அந்த வாயுவின் பெயர் கார்பன் மோனாக்சைடு. போதிய காற்றில்லாமல் எரியும் எதிலிருந்தும் அது வரும். நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமலும் வராது. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், இந்த வாயுவை, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. பேருந்தில் இடம் பிடித்த பயணி இறங்கவே மறுப்பதுபோல அது உட்கார்ந்துகொள்ள, ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் போகிறது. மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஆக்சிஜன் ஏற்கெனவே சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கிறது. இதைவிடக் கொடுமை, இந்த வாயு தரும் அறிகுறிகள். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அசதி. நாள் முழுவதும் வளைவுகளில் சுற்றி வந்தவர்களுக்கு இவை எல்லாமே பயணக் களைப்பாகத்தான் தோன்றும். தூங்கினால் சரியாகிவிடும் என்று படுப்பார்கள். அந்தத் தூக்கம்தான் ஆபத்து.

இரண்டு பேர் இருக்கிறோமே, ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்ற நம்பிக்கை தம்பதியருக்கு இயல்பானது. சாலையில் அது நியாயமான நம்பிக்கை. ஒருவர் ஓட்ட, ஒருவர் வழி பார்க்கலாம். இங்கே அது உதவாது. இருவரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். இருவரின் நிதானமும் ஒன்றாகவே மங்குகிறது. துணைக்கு இருப்பவரை எழுப்ப வேண்டும் என்ற எண்ணமே இருவருக்கும் எழாமல் போகும்.

மலைவாசிகள் தலைமுறை தலைமுறையாகக் கணப்புச் சட்டி வைத்துத்தானே வாழ்ந்தார்கள் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பழைய ஓட்டு வீடுகளில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்று தாராளமாக வந்துபோகும். இன்றைய காட்டேஜ் காற்றுப் புகாத கண்ணாடிச் சன்னல்களோடு கட்டப்படுகிறது. புகைபோக்கி வைத்த கணப்படுப்பு வேறு, அறை நடுவில் வைக்கும் கரிச்சட்டி வேறு. கரி கனிந்து தணலாகிவிட்டது, புகை நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்பதும் தவறான கணிப்பு. புகையே இல்லாத தணலிலிருந்தும் இந்த வாயு ஏராளமாக வரும். சன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதாதா என்றால், போதும் என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. நள்ளிரவில் குளிர் உறைத்ததும் அதை மூடத்தான் கை போகும். குளியலறைக்குள் பொருத்திய எரிவாயு கீசருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆகவே அறை பதிவு செய்யும்போதே மின்சார ஹீட்டர் உண்டா, கூடுதல் கம்பளி தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை பெட்டியில் அதிக இடம் பிடிக்காது. எஞ்சினை ஓடவிட்டுக் காருக்குள் தூங்காதீர்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, அருகில் ஏதோ எரிகிறது என்றால், காரணம் ஆராயாமல் முதலில் வெளியே வாருங்கள். பிறகு 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில், அறையில் கரியோ எரிவாயுவோ எரிந்தது என்பதை நீங்களே சொல்லிவிட வேண்டும். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இந்த வாயுவை ஆக்சிஜனிலிருந்து பிரித்தறியாது. ஆபத்தான நிலையிலும் அது நல்ல எண்ணையே காட்டக்கூடும். நீங்கள் சொன்னால், மருத்துவர் அந்த எண்ணை நம்பிக் காத்திராமல் உடனே ஆக்சிஜன் கொடுக்கத் தொடங்குவார்.