திரும்பப் பெறும் ஓர் உவமை



பத்தாண்டுகளுக்கு முன், நம் வட்டத்தின் முதற்கூட்டத்தில் நான் வாசித்த கவிதையில், பேரண்டத்தைச் சீராக விதை தூவிய வயல் என்று பாடியிருந்தேன். கைதட்டினீர்கள். இன்று அவ்வுவமையைத் திரும்பப் பெறவே வந்திருக்கிறேன்.

1986இல் வலெரி த லப்பரான், மார்கரெட் கெல்லர், ஜான் ஹூக்ரா ஆகிய வானியலாளர்கள், ஒளியின் செம்பெயர்ச்சியால் தொலைவைக் கணித்து, ஏறத்தாழ 1,100 விண்மீன் மண்டலங்களுக்கு வரைபடம் தீட்டினர். சோப்பு நுரை போலிருந்தது அது. மண்டலங்கள் குமிழிகளின் மெல்லிய சுவர்களில் ஒட்டியிருந்தன. உள்ளே ஏறக்குறைய ஒன்றுமில்லை. பேரண்டத்தின் பெரும்பகுதி அந்த உள்வெளியே.

இதற்கு வித்து மிகச் சிறியது. பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளில் புறப்பட்ட ஒளியில், இடத்துக்கிடம் லட்சத்தில் ஒரு பங்களவே வேறுபாடு. கோபி செயற்கைக்கோள் கண்ட இச்செய்தி 1992இல் வெளியாயிற்று. சற்றே மிகுந்த இடம் ஈர்ப்பால் மேலும் சேர்த்துக்கொண்டது. சற்றே குறைந்த இடம் உள்ளதையும் இழந்தது. (உலகியலிலும் இதைக் காண்கிறோம், அது வேறு கூட்டத்துக்குரிய பேச்சு.)

சுவாதி விண்மீன் உள்ள பூட்டீஸ் கூட்டத்தின் திசையில், மிகத் தொலைவில், 1981இல் அறியப்பட்ட வெற்றிடம் ஒன்றுண்டு. குறுக்களவு ஏறத்தாழ 30 கோடி ஒளியாண்டுகள். அதன் நடுவே நம் மண்டலம் இருந்திருந்தால், பிற மண்டலங்கள் உண்டென்பதையே 1960கள் வரை அறிந்திருக்க மாட்டோம் என்றார் வானியலாளர் கிரெக் ஆல்டரிங். ஆயினும், வெறுங்கண்ணால் நாம் காணும் தனி விண்மீன்கள் யாவும் நம் மண்டலத்தவையே. அங்கிருந்து நோக்கினும் வானம் நிறைந்தே தெரிந்திருக்கும். நானும் அந்த வயலையே பாடியிருப்பேன்; நீங்களும் கைதட்டியிருப்பீர்கள்.