மூட்: ஒரு சொல்லும் முடியாத வழக்குகளும்



வழக்கறிஞர்களின் ஆங்கிலத்தில் ‘மூட்’ என்றொரு சொல் உண்டு. மனநிலையைக் குறிக்க நாம் அன்றாடம் சொல்கிறோமே, அது அல்ல. இது விவாதத்தோடு பிறந்த, ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள சொல். லண்டன் வழக்கறிஞர் ஒருவர் ‘இது மூட் பாயிண்ட்’ என்றால், இரு பக்கமும் வாதிட இடமுள்ள, இன்னும் முடிவாகாத கேள்வி என்பதே மரபான பொருள். நியூயார்க் வழக்கறிஞர் அதையே சொன்னால், இனி வாதிட்டுப் பயனில்லை என்று பொருள். ஒரே சொல் ஓரிடத்தில் வாயைத் திறக்கச் சொல்கிறது, இன்னோரிடத்தில் மூடச் சொல்கிறது. இது எப்படி நேர்ந்தது என்று விளக்கவும், அந்த இரண்டாம் பொருளை நீதிமன்றங்கள் மிகுந்த தயக்கத்தோடுதான் கையில் எடுக்க வேண்டும் என்று வாதிடவும் இந்த அவையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

பழைய ஆங்கிலத்தில் ‘கெமோட்’ என்றால் கூட்டம். நார்மன் படையெடுப்புக்கு முந்தைய இங்கிலாந்தில் ‘ஹண்ட்ரட்’ என்ற சிறு வட்டாரத்துக்கு ஒரு கூட்டம், ‘ஷயர்’ என்ற பெரிய நிலப்பகுதிக்கு ஒரு கூட்டம். முன்னது நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பின்னது ஆண்டுக்கு இரு முறை என்று 10ஆம் நூற்றாண்டில் வகுத்திருந்தார்கள். பெரும்பாலும் கட்டடம் கிடையாது. மேட்டிலோ மரத்தடியிலோ ஆற்றுத்துறையிலோ கூடினார்கள். அங்கே பேசியது பொழுதுபோக்குக்காக அல்ல. நிலம் யாருக்கு, குற்றம் யாருடையது என்று முடிவு கட்டினார்கள்.

அந்தக் கூட்டங்களில் ஒன்றின் நடப்பு ஏட்டில் தப்பியிருக்கிறது. 990ஆம் ஆண்டை ஒட்டி, பெர்க்‌ஷயரில் வின்ஃப்ளாட் என்ற பெண்மணி லியோஃப்வைன் என்பவர்மீது நிலவழக்குத் தொடுத்தார். வழக்கு அரசர் எத்தல்ரெட்டிடம் போனது. முதலில் ஷயர் கூட்டத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று லியோஃப்வைன் அடம்பிடித்தார். அரசர் தம் முத்திரையை அனுப்பி, நியாயமாகத் தீர்த்துவைக்கும்படி கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். வின்ஃப்ளாட்டுக்காகச் சத்தியம் செய்ய ஆண்களும் பெண்களுமாகப் பலர் காத்திருந்தார்கள். ஆனால் அவையோர் சத்தியத்தைத் தவிர்க்கச் சொன்னார்கள். சத்தியம் செய்துவிட்டால் அதன்பின் இருவருக்குள்ளும் உறவே இராது. தோற்றவர் ஈட்டுத்தொகையும் கட்ட வேண்டியிருக்கும். லியோஃப்வைன் நிலத்தை விட்டுக்கொடுத்தார். தம்மிடமிருந்த, லியோஃப்வைனுடைய தந்தையின் பொன்னையும் வெள்ளியையும் வின்ஃப்ளாட் திருப்பித் தர வேண்டும் என்று முடிவானது. வழக்கு முடிந்த பிறகும் இவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும் என்ற நினைப்பு அந்த அவைக்கு இருந்திருக்கிறது. நான் படித்த எத்தனையோ தீர்ப்புகளில் இந்தக் கவலையைக் கண்டதில்லை.

மன்னர் நீதிமன்றங்கள் வலுத்தபோது ஊர்க்கூட்டம் தேய்ந்தது. சொல் மட்டும் லண்டனின் சட்ட விடுதிகளுக்குள், லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற நான்கு மன்றங்களுக்குள் குடியேறியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மண்டபத்தில் ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வார்கள். மூத்தவர்கள் நீதிபதிகளாக அமர, இளையவர்கள் சட்டப் பிரெஞ்சு மொழியில் வாதிடுவார்கள். அதற்கும் பெயர் மூட். ‘பாரிஸ்டர்’ என்ற பட்டமே இந்தப் பயிற்சியில் பிறந்தது. மண்டபத்தில் இருந்த ‘பார்’ என்ற தடுப்பின் அருகே நின்று பயிற்சி வழக்கை வாதிட அழைக்கப்பட்டவரே பாரிஸ்டர். நீதிமன்றத் தடுப்பிலிருந்து வந்த பெயர் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். 1640களில் உள்நாட்டுப் போர் வந்தபோது இந்த மரபு நொடித்துப்போனது. நம் சட்டக் கல்லூரிகளில் இன்று நடக்கும் மூட் கோர்ட் அதன் வழித்தோன்றல்தான்.

பயிற்சி வழக்கில் வென்றவர் கைக்கு நிலம் வராது. அதிலிருந்துதான், முடிவு யாரையும் பாதிக்காத கேள்வி என்ற பொருள் கிளைத்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அது ஊன்றிக்கொண்டது. அதற்கு அவர்களின் அரசியல் சட்டமும் ஒரு காரணம். மெய்யான தகராறு இருந்தால்தான் கூட்டாட்சி நீதிமன்றம் வாய் திறக்கலாம். 1793இல் அதிபர் வாஷிங்டனின் அரசு சட்டக் கேள்விகளை அனுப்பி ஆலோசனை கேட்டபோதே உச்சநீதிமன்ற நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். வழக்கின் நடுவே தகராறு தீர்ந்துபோனால் வழக்கு ‘மூட்’, கதவு சாத்தப்படும். திரும்பத் திரும்ப நிகழக்கூடிய, ஆனால் விசாரணை முடியுமுன் கைநழுவிவிடுகிற பிரச்சினைகளுக்கு 1911 முதல் ஒரு விலக்கு உண்டு. கருவுற்ற பெண்ணின் வழக்கு பிரசவத்துக்குள் முடியாது என்று சொல்லி 1973இல் கருக்கலைப்பு பற்றிய ரோ வழக்கில் தீர்ப்புச் சொன்னதும் அந்த விலக்கால்தான்.

மறு ஆண்டு வந்தது டிஃபூனிஸ் வழக்கு. வாஷிங்டன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட மாணவர், சிறுபான்மையினருக்குக் காட்டிய முன்னுரிமை தம் சமத்துவத்தைப் பறித்தது என்று வழக்காடினார். கீழ் நீதிமன்றம் சேர்க்கச் சொன்னதால் சேர்ந்து படித்தார். உச்சநீதிமன்றம் விசாரிக்கும்போது கடைசி ஆண்டில் இருந்தார். எப்படியும் படிப்பை முடித்துவிடுவார், ஆகவே மூட் என்று 1974 ஏப்ரலில் ஐவர் சொன்னார்கள், நால்வர் மறுத்தார்கள். இத்தனை பேர் கருத்துரை தாக்கல் செய்த கேள்வி மறைந்துவிடாது, திரும்பி வரும் என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். நான்கே ஆண்டில், 1978இல், பாக்கி என்பவரின் வழக்காக அது திரும்பி வந்தது. டிஃபூனிஸின் தகராறு தீர்ந்திருக்கலாம். அவர் எழுப்பிய கேள்வி தீரவில்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. அரசியல் சட்டத்தின் 143ஆவது பிரிவுப்படி, வழக்கே இல்லாமலும் குடியரசுத் தலைவர் உச்சநீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம். 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையைச் செல்லாததாக்கக் கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டபோது அப்படித்தான் கேட்டார்கள். அந்தச் சட்டம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று நவம்பரில் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதிபர் வாஷிங்டனுக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைத்தது.

ஆயினும் நம் நீதிமன்றங்களும் கதவைச் சாத்தவே செய்கின்றன. சொல்தான் வேறு: ‘இன்ஃப்ரக்சுவஸ்’. சேர்க்கைக் காலம் கடந்தது, தேர்வு முடிந்தது, வீடு இடிக்கப்பட்டது, ஆகவே மனு பயனற்றது என்று ஒரு வரி உத்தரவு. மனுதாரர் தாமதிக்கவில்லை, வழக்குதான் வரிசையில் கிடந்தது. தாமதத்தை உண்டாக்கிய அமைப்பே அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டி மனுவை முடிப்பது எனக்கு ஆறவில்லை.

இந்த இடத்தில் சட்டக் கல்லூரிகளால் ஒன்று செய்ய முடியும். இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள்படி ஒவ்வொரு மாணவரும் மூட் கோர்ட்டில் வாதிட்டாக வேண்டும். அதற்கான பயிற்சி வழக்குகளைப் பல இடங்களில் கற்பனை நாடுகளையும் கற்பனை நிறுவனங்களையும் வைத்து எழுதுகிறார்கள். இங்கிருக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்ஃப்ரக்சுவஸ் என்று முடிக்கப்பட்ட மெய்யான மனுக்களிலிருந்து, பெயர்களை நீக்கிவிட்டு, பயிற்சி வழக்கு எழுதுங்கள். நீதிமன்றம் கேட்காமல் விட்ட வாதத்தை உங்கள் மாணவர் முழுதாக வாதிடட்டும், மூத்த வழக்கறிஞர்கள் நீதிபதிகளாக அமர்ந்து காரணம் காட்டித் தீர்ப்பு எழுதட்டும். அந்தத் தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிட்டு நீதிமன்ற நூலகங்களுக்கு அனுப்புங்கள். அதே கேள்வியோடு அடுத்த மனுதாரர் வரும்போது, அவருடைய வழக்கறிஞர் எடுத்துப் பார்க்க அங்கே ஒரு தொகுதி இருக்கும்.