ராசிக் கட்டத்துக் காளையை வானத்தில் பார்ப்போம்

நம் பண்ணைப்புரத்தில் யாரைக் கேட்டாலும் தன் ராசியையும் நட்சத்திரத்தையும் சட்டென்று சொல்லிவிடுவார். கோயில் அர்ச்சனைக்குப் பேரோடு சேர்த்துச் சொல்கிறோமே! அதையே வானத்தில் காட்டச் சொன்னால் பலருக்குத் தெரியாது. இந்தத் தை மாசம் ரிஷபத்தையாவது பார்த்துவிடுங்கள்.

ராத்திரி எட்டு மணிக்கு மொட்டைமாடி ஏறி, தெருவிளக்கு கண்ணில் படாத மூலையில் நில்லுங்கள். பத்து நிமிஷம் செல்போனைத் தொடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக வேண்டும். கிழக்கே பார்த்து அண்ணாந்தால் ஒரே வரிசையில் மூன்று மீன்கள் தெரியும். அந்த வரிசையை உச்சி வானம் நோக்கி நீட்டுங்கள். செம்மஞ்சளாக ஒன்று தட்டுப்படும். அதுதான் ரோகிணி. அதைச் சுற்றிச் சின்ன மீன்கள் கவட்டைக் குச்சிபோல் பிரிந்திருக்கும். அது காளையின் முகம், ரோகிணி அதன் கண். இன்று நாம் காணும் அதன் ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 65 வருஷம் ஆகிறது. கவட்டையின் மற்ற மீன்கள் அதைவிட இரு மடங்குக்கும் அதிகத் தொலைவில் இருக்கின்றன.

இன்னும் மேலே, கிட்டத்தட்ட தலைக்கு நேராக, நெருங்கிய சிறு கொத்து ஒன்று இருக்கிறது. நிதானமாக எண்ணுங்கள்; பெரும்பாலோர் கண்ணுக்கு ஆறு தெரியும். சரவணப் பொய்கையில் முருகனுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்கள் அவர்கள்தான். சங்கப் புலவர்களும் இதை அறுமீன் என்றார்கள். பைனாகுலர் கிடைத்தால் ஆறு பல பத்தாகப் பெருகும்.

இந்தக் காளையைப் பற்றி, சீயஸ் என்ற கடவுள் வெள்ளைக் காளையாக வந்து யுரோப்பா என்ற இளவரசியைக் கடல் கடந்து கிரீட் தீவுக்குச் சுமந்து போனதாகக் கிரேக்கர் கதை சொல்கிறது. எனக்கு நம் ரோகிணி கதைதான் நெருக்கம். தட்சன் தன் 27 பெண்களைச் சந்திரனுக்குக் கட்டிக்கொடுத்தான். அவனோ ரோகிணி வீடே கதியென்று கிடந்தான். தேய்ந்துபோகும்படி மாமனாரின் சாபம் வந்தது. நிலா மாசாமாசம் ரோகிணிப் பக்கமாகத்தான் போகிறது, சில வருஷங்களில் அதை மறைத்தும் போகிறது. இந்தக் கதையைச் சொன்னவர்கள் வானத்தை உற்றுப் பார்த்தவர்கள் என்றே நம்புகிறேன்.

கார்த்திகை மாசத்திலும் ரிஷபம் சாயங்காலமே கிழக்கில் உதிக்கும், ஆனால் அப்போது மழை மேகம் விடாது. சித்திரையில் மேற்கே சாய்ந்துவிடும்; நமக்கோ மேற்கில் மலை, சீக்கிரமே மறைத்துவிடும். வைகாசியில் சூரியனே ரிஷபத்தில் இருப்பதால் பார்க்க முடியாது. ஆடியில் விடிவதற்கு முன் எழுந்தால் கிழக்கே மறுபடி பார்க்கலாம்.