பூட்டிய கைத்தொலைபேசியும் எமது உரிமையும்

(ஸ்காபுரோவில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் மொழியைப் பற்றியோ பண்பாட்டைப் பற்றியோ நான் பேசுவேன் என்றே உங்களிற் பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ உங்கள் சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருக்கின்ற ஒரு சிறு கருவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அக்கருவி உண்மையிலேயே உங்களுடையதுதானா என்பதே என் கேள்வி. பணம் கொடுத்தவர் நீங்கள். ஆயினும் அதன் திறப்பு யாருடைய கையில் இருக்கிறது? இக்கேள்வி எனக்கு எப்படி எழுந்தது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

2011ஆம் ஆண்டு. அம்மா கிளிநொச்சி மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்று தம்பியிடமிருந்து செய்தி வந்தது. கிடைத்த முதல் விமானத்தில் ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டேன். கட்டுநாயக்காவில் இறங்கியதும் உள்ளூர்ச் சிம் அட்டை ஒன்றை வாங்கி என் கைத்தொலைபேசியில் இட்டேன். அந்த அட்டை செல்லாது என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி திரையில் தோன்றியது. கழற்றித் துடைத்து மீண்டும் இட்டேன், அதே வரிதான். கனடாவில் எனக்குக் கைத்தொலைபேசியை விற்ற நிறுவனம், தன் அட்டையைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி அதனைப் பூட்டி வைத்திருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெளிநாட்டு இணைப்புச் சேவைக்குக் கட்டணம் அதிகம் என்பதால் அதனையும் நான் பெற்றிருக்கவில்லை.

கொழும்பில் ஒரு தொலைபேசி நிலையத்திலிருந்து தம்பியை அழைத்தேன். அம்மா கிளிநொச்சியிலேயே இருக்கிறார், பேசுகிறார், என்னைக் கேட்கிறார் என்றான். விடியமுன் போய்ச் சேர்ந்துவிடலாம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி இரவுப் பேருந்தில் ஏறினேன். நள்ளிரவுக்கு முன்னரே அம்மாவின் நிலை மோசமாகி, அவரை வவுனியா மருத்துவமனைக்கு மாற்றியிருக்கிறார்கள். அதை எனக்குச் சொல்லத் தம்பிக்கு வழியே இருக்கவில்லை. அழைப்பதற்கு என்னிடம் ஓர் இலக்கம் இல்லை. என் பேருந்து வவுனியாவில் தேநீருக்காக நின்றது. நான் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு மீண்டும் ஏறிக்கொண்டேன். விடியற்காலையில் கிளிநொச்சியில் இறங்கிய பின்னரே செய்தியை அறிந்தேன். திரும்பி வந்து சேர்ந்தபோது அம்மா பேச்சிழந்திருந்தார். ஒன்பது நாட்களின் பின் காலமானார்.

அம்மாவின் இழப்புக்கு ஒரு கருவியைப் பழிசொல்ல நான் வரவில்லை. நோய் தன் போக்கிற் சென்றது. ஆயினும் அந்தத் தேநீர்க்கடைக்கும் அம்மாவின் கட்டிலுக்கும் இடையில் இருந்த தூரம் மிகச் சிறியது. அதைக் கடக்க எனக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு அழைப்பு. கனடா திரும்பியதும் நிறுவனத்தின் கடைக்குச் சென்றேன். என்னுடைய மூன்றாண்டு ஒப்பந்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே முடிந்திருந்தது. ஒரு சதமும் பாக்கி இல்லை. ஆயினும் பூட்டைத் திறக்க ஐம்பது டொலர் கேட்டார்கள். கொடுத்தேன். ஓர் எண்தொடரைக் கடதாசித் துண்டில் எழுதித் தந்தார்கள். அதை அழுத்தியதும் பூட்டுத் திறந்தது. ஒரு நிமிட வேலை.

பூட்டு எவ்வாறு இயங்குகிறது?

ஒவ்வொரு சிம் அட்டையிலும் சந்தாதாரரைக் குறிக்கும் ஓர் எண்தொடர் பதியப்பட்டிருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. கனடாவுக்கு 302, இலங்கைக்கு 413, இந்தியாவுக்கு 404, 405. அடுத்து வரும் இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். பூட்டப்பட்ட கைத்தொலைபேசி இந்த இலக்கங்களைப் படித்து, தனக்குக் கட்டளையிடப்பட்ட இலக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிடின் இணைப்பை மறுக்கும். கருவியிற் பழுது எதுவும் இல்லை. அது மறுக்குமாறு பணிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு கருவிக்கும் பதினைந்து இலக்க அடையாள எண் ஒன்றும் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையிலே தோன்றும். முன்னர் பெரும்பாலான கருவிகளுக்கு, இந்த எண்ணுக்கென அமைந்த திறவு எண்ணை வாங்கி அழுத்தவேண்டும். தவறான எண்ணைப் பலமுறை அழுத்தினால் அக்கருவி அதன்பின் எந்த எண்ணையும் ஏற்காது. ஐபோன் போன்றவற்றில் திறவு எண் கிடையாது. நிறுவனம் அனுமதி வழங்கியதும் தயாரிப்பாளரின் பதிவேட்டில் மாற்றம் செய்யப்படும். கருவி இணையம் வழியே அதனை அறிந்துகொள்ளும். இப்போது வழக்கில் உள்ள, அட்டையே இல்லாத இ-சிம் முறைக்கும் இந்தப் பூட்டுப் பொருந்தும்.

ஏன் பூட்டினார்கள்?

நிறுவனங்களின் தரப்பையும் நாம் நேர்மையாகக் கேட்கவேண்டும். விலையுயர்ந்த கருவியை மிகக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ தந்துவிட்டு, அந்தச் செலவை மாதக் கட்டணத்திலே மீட்டெடுப்பது அவர்களது வணிக முறை. கருவியைப் பெற்றவர் மறுநாளே வேறு நிறுவனத்துக்குச் சென்றுவிட்டால் நட்டம் வரும் என்பது அவர்களின் வாதம். அதில் நியாயமே இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கடனுக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் இருக்கிறது. இடையில் விலகினால் அறவிடுவதற்குக் கட்டணமும் இருக்கிறது. கடனைத் தீர்த்த பின்னரும் பூட்டு அப்படியே கிடந்தது என்றால், அது எந்தக் கடனுக்கான பிணை? வீட்டுக் கடனைக் கட்டி முடித்தவரிடம், கதவுத் திறப்பைத் தருவதற்கு வங்கி தனிக்கட்டணம் கேட்டால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

கனடாவில் என்ன நடந்தது?

சி.ஆர்.ரி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கனடிய ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையம் 2013ஆம் ஆண்டு கம்பியில்லாச் சேவைகளுக்கான நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. முழு விலை கொடுத்து வாங்கிய கருவியை உடனேயும், சலுகை விலையில் வாங்கியதைத் தொண்ணூறு நாட்களின் பின்னும், வாடிக்கையாளர் கேட்டால் திறந்து கொடுக்கவேண்டும் என்றது. இரண்டு ஆண்டுகளின் பின் விலகுவோரிடம் தண்டக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் பூட்டைத் திறப்பதற்குக் கட்டணம் வாங்குவதை அது தடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய கட்டணமாகக் கனடிய நிறுவனங்கள் 37.7 மில்லியன் டொலரைப் பெற்றன.

2017ஆம் ஆண்டு அந்த நெறிமுறை மீளாய்வு செய்யப்பட்டது. பெப்ரவரி மாதம் கற்றினோ நகரிற் பொது விசாரணை நடந்தது. பயனாளர் அமைப்புகளும் சாதாரண மக்களும் தமது கருத்தை எழுதிக் கொடுத்தார்கள். யூன் மாதத்தில் முடிவு வந்தது. 2017 டிசம்பர் 1 முதல் கனடாவில் நிறுவனங்கள் தரும் கருவிகள் யாவும் பூட்டின்றியே வழங்கப்படவேண்டும். ஏற்கெனவே பூட்டிய கருவி வைத்திருக்கும் வாடிக்கையாளர் கேட்டால் கட்டணமின்றித் திறந்து கொடுக்கவேண்டும். நான் கொடுத்த ஐம்பது டொலரை இன்று எவரும் கொடுக்கவேண்டியதில்லை. இதை அறியாமல் மூலைக்கடைகளில் இன்னும் பணம் கொடுப்பவர்கள் எம்மிடையே இருக்கக்கூடும் என்பதாலேயே இதை இங்கு விரித்துச் சொல்கிறேன்.

ஏனைய நாடுகளில்

பிரித்தானியாவில் ஒஃப்கொம் என்னும் ஒழுங்காற்று நிறுவனம், பூட்டிய கைத்தொலைபேசிகளை விற்பதை 2021 டிசம்பரிலிருந்து தடை செய்தது. அங்குள்ள எம் உறவுகள் அதன் பின் வாங்கிய கருவிகளுக்கு இத்தொல்லை இல்லை.

அமெரிக்காவின் கதை வேறு. பதிப்புரிமையைக் காப்பதற்காக 1998இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் கைத்தொலைபேசிப் பூட்டையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. 2006இலும் 2010இலும் இதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் 2013 சனவரி 26க்குப் பின் வாங்கும் கருவிகளுக்கு அந்த விலக்கு இல்லை என்று 2012இல் முடிவாயிற்று. தன் பணத்தில் வாங்கிய கருவியின் பூட்டை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பது சட்டமீறல் என்றாகிவிட்டது. அப்போது வெள்ளை மாளிகைக்கு இணையவழி மனு ஒன்று அனுப்பப்பட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஒப்பமிட்டனர். அரசு மனுவின் பக்கம் நின்றது. காங்கிரஸ் நிறைவேற்றிய புதிய சட்டத்தில் 2014 ஓகஸ்ட் 1ஆம் திகதி குடியரசுத் தலைவர் ஒபாமா கையொப்பமிட்டார். எனினும் அச்சட்டம் திறப்பதற்கு அனுமதி தந்ததே தவிர, பூட்டாமல் விற்குமாறு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே அமெரிக்காவிலிருந்து மலிவாக வரும் கருவியை வாங்குமுன் நன்கு விசாரியுங்கள்.

இளையோருக்கு இன்னொரு செய்தி. 2007ஆம் ஆண்டு, முதல் ஐபோன் வெளிவந்து இரண்டு மாதங்களுக்குள், அதன் பூட்டைத் திறந்து காட்டியவர் நியூ ஜேர்சியைச் சேர்ந்த பதினேழு வயது மாணவர் ஜோர்ஜ் ஹொட்ஸ். அவருடைய திறமையை வியக்கலாம். ஆனால் ஒருவரின் திறமை ஒரு கருவி வகையைத்தான் திறந்தது. ஒப்பமிட்டவர்களும் கருத்து எழுதியவர்களும் திறந்தது எல்லோருடைய கருவியையும். இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளுங்கள்.

மூன்று பூட்டுகள்

மூன்று விடயங்களை எம்மவர்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, நான் இதுவரை சொன்ன நிறுவனப் பூட்டு. இரண்டாவது, உரிமையாளரின் கணக்கோடு இணைந்த பூட்டு. பழைய கருவியை வாங்கும்போது முன்னைய உரிமையாளர் தமது கணக்கை நீக்காவிடின், எந்தச் சிம் இட்டாலும் அது உங்களுக்குப் பயன்படாது. மூன்றாவது, களவுபோன கருவிகளின் கறுப்புப் பட்டியல். அதிற் சேர்ந்த எண்ணுடைய கருவிக்குக் கனடிய நிறுவனங்கள் இணைப்பு வழங்கா. நிறுவனப் பூட்டைத் திறப்பதால் மற்றைய இரண்டும் நீங்கிவிடமாட்டா. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி ஏமாறாதீர்கள். பதினைந்து இலக்க எண்ணைச் சரிபார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.

பூட்டுத் திறந்ததால் ஒப்பந்தம் முடிந்துவிடுவதும் இல்லை. மாதத் தவணை இருப்பின் அதனைக் கட்டியே ஆகவேண்டும். உரிமையைக் கேட்பவர் கடனையும் மதிக்கவேண்டும்.

நாம் செய்யவேண்டியது

பெற்றோர்களே, ஊருக்குப் புறப்படுமுன் இதனைச் செய்யுங்கள். வேறு நிறுவனத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் சிம் அட்டையை உங்கள் கருவியில் இட்டுப் பாருங்கள். இணைப்புக் கிடைத்தால் பூட்டு இல்லை. ஐபோன் எனின் செற்றிங்ஸ், ஜெனரல், எபௌட் என்று சென்று, கரியர் லொக் என்னுமிடத்தில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பூட்டு இருந்தால் நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள். கெஞ்சவேண்டாம், அது உங்கள் உரிமை. மறுத்தால் தொலைத்தொடர்புச் சேவைகளுக்கான முறையீட்டு ஆணையத்திடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இளையோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாய் தந்தையர் இந்நாட்டில் எத்தனையோ பத்திரங்களில் வாசிக்காமலே கையொப்பமிட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் முழுமையாக விளங்காததாலும், கேள்வி கேட்டால் மதிப்புக் குறையுமோ என்ற கூச்சத்தாலுமே அவ்வாறு செய்தார்கள். நானும் அப்படித்தான் கையொப்பமிட்டேன். உங்களுக்கு அந்த மொழி இயல்பாக வருகிறது. அடுத்த முறை அப்பாவோ அம்மாவோ கடைக்குப் போகும்போது கூடவே செல்லுங்கள். ஒப்பந்தத்தை வாசித்து அவர்களுக்குத் தமிழிற் சொல்லுங்கள். சிறிய எழுத்தில் இருப்பதை உரக்கக் கேளுங்கள். அரசு கருத்துக் கேட்கும்போது நான்கு வரியாவது எழுதுங்கள். 2017இல் வந்த மாற்றத்தில் அத்தகைய வரிகளுக்கும் பங்கு உண்டு.

சென்ற ஆண்டு தம்பி மகளின் திருமணத்துக்காக மீண்டும் ஊருக்குச் சென்றேன். கட்டுநாயக்காவில் சிம் அட்டையை வாங்கி இட்டேன். உடனே இணைப்புக் கிடைத்தது. முதல் அழைப்பைத் தம்பிக்கு எடுத்தேன். "அண்ணை, இதுதானே உங்கட நம்பர்? பதிஞ்சு வைக்கிறன்" என்றான். பேருந்து வவுனியாவில் நின்றபோது நான் தேநீர் குடிக்க இறங்கவில்லை. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கையிலேயே அமர்ந்திருந்தேன்.