எத்தர்கள் மீது நமக்கு ஏன் இந்த மயக்கம்?



களவு நம் எவருக்கும் பிடிக்காது. படலையைப் பூட்டாமல் நித்திரைக்குப் போக யாரும் துணிவதில்லை. ஆனால் கதையில் எத்தன் ஒருவன் வந்துவிட்டால் மட்டும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறோம். அவன் அகப்பட்டுவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இது ஏன்? பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகங்கள் சிலவற்றை வைத்து இந்தக் கேள்வியை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

1979 இல் ஐ.ரி.வி. அலைவரிசையில் தொடங்கி 1994 வரை வந்த ‘மைன்டர்’ தொடரில் ஆதர் டேலி என்றொரு வியாபாரி. ஜோர்ஜ் கோல் நடித்த பாத்திரம். தலையில் தொப்பி, மேலே நல்ல கம்பளி அங்கி, வாயில் சுருட்டு. கையில் இருப்பவையோ எங்கிருந்து வந்தன என்று கேட்கக் கூடாத சாமான்கள். 1981 இல் பி.பி.சி. தொடங்கிய ‘ஒன்லி பூல்ஸ் அன்ட் ஹோர்ஸஸ்’ தொடரின் டெல், தென் லண்டனின் பெக்கம் பகுதியில் மூன்று சில்லு வாகனத்தில் ஓடித்திரிபவன். அடுத்த வருடம் கோடீஸ்வரன் ஆகிவிடுவேன் என்பது அவனது ஓயாத பேச்சு. 1996 நத்தார்க் காலத்தில் அவன் மெய்யாகவே பணக்காரனான கதையை 2 கோடியே 43 இலட்சம் பேர் பார்த்தார்கள். இந்த இருவரும் பிறரை ஏமாற்றப் புறப்பட்டு, பெரும்பாலும் தாமே ஏமாந்து நிற்பவர்கள். ஆகையால் அவர்களை மன்னிப்பது சுலபம்.

2004 முதல் 2012 வரை பி.பி.சி.யில் வந்த ‘ஹஸ்ஸில்’ வேறு ரகம். ரொனி ஜோர்டான் உருவாக்கிய இந்த நாடகத்தின் 48 அங்கங்களிலும் எத்தர்கள் தோற்பது அருமை. ஏட்ரியன் லெஸ்ரர் நடித்த மிக்கி குழுத் தலைவன். மூத்தவர் அல்பர்ட்டாக வருபவர் அமெரிக்க நடிகர் ரொபர்ட் வோன். இங்கிலாந்தில் ஒருவர் வாய் திறந்ததுமே அவர் எந்த வர்க்கத்தவர் என்று எடைபோட்டுவிடுவார்கள். அந்தக் கோட்டைக்குள் நல்ல உடுப்போடும் பொருத்தமான உச்சரிப்போடும் இவர்கள் சிரித்துக்கொண்டே நுழைகிறார்கள். பெரிய மனிதத் தோரணை வெறும் வேஷந்தான் என்று அவர்கள் காட்டும்போது நமக்குள்ளும் ஒரு சந்தோஷம் பிறக்கிறது.

சில காட்சிகளில் சுற்றியிருப்போர் எல்லோரும் சிலையாய் நிற்க, எத்தர்கள் மட்டும் நம் பக்கம் திரும்பித் தமது தந்திரத்தை விளக்குவார்கள். அந்தக் கணத்திலேயே நாமும் குழுவில் ஒருவராகிவிடுகிறோம். நமது மனச்சாட்சிக்கு மருந்தாக ஒரு விதியும் உண்டு. நேர்மையானவனை ஏமாற்ற முடியாது, பேராசைக்காரனே அகப்படுவான் என்பது அது.

அந்த விதியை நானும் நம்பியிருந்தேன், 2010 ஆம் ஆண்டில் ஓர் இரவு வரை. லண்டனில் தமக்கையார் வீட்டில் தங்கியிருந்த நாட்கள். அடுத்த வீட்டு ஆங்கில மூதாட்டியும் எம்மோடு அமர்ந்து ‘ஹஸ்ஸில்’ பார்த்தார். மிக்கியின் தந்திரம் பலித்தபோது நாங்கள் கைதட்டினோம். அவர் தட்டவில்லை. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். சில மாதங்களுக்கு முன், வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறிய ஒருவன் தொலைபேசியிலேயே அவருடைய சேமிப்பில் பெரும் பகுதியைக் கொண்டுபோய்விட்டானாம்.

“எனக்கு ஆசை ஒன்றும் இருக்கவில்லை. அவன் அவ்வளவு பணிவாகப் பேசினான். இடையில் தொலைபேசியை வைப்பது மரியாதையில்லை என்று நினைத்தேன்.”

சற்றுப் பொறுத்து, “காசு போனது போகட்டும். ஏன் என்னைத் தெரிந்தெடுத்தான், எப்படிச் செய்தான் என்று யாராவது சொன்னால் நிம்மதியாகத் தூங்குவேன்” என்றார்.

தமக்கையார் எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினார்.

நேயர்களே, அந்தத் தாய் பேராசையால் ஏமாறவில்லை. மரியாதையால் ஏமாந்தார். உண்மை உலகின் எத்தன் நமது குற்றங்களை மட்டும் தேடி வருவதில்லை. நமது நல்ல குணங்களும் அவனுக்கு வாசற்கதவுதான்.

அப்படியானால் நாடகத்தின் கவர்ச்சி எங்கே இருக்கிறது? அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையில் இருக்கிறது என்றே நினைக்கின்றேன். ‘ஹஸ்ஸில்’ நம்மையும் ஏமாற்றும். ஆனால் முடிவில் பின்னோக்கிச் சென்று, நாம் காணாத காட்சிகளைக் காட்டி, எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று சொல்லிவிடும். கதை எழுதுகிறவனும் ஒருவகை எத்தன்தான். நம் சம்மதத்தோடு ஏமாற்றுகிறான், கடைசியில் கணக்கை ஒப்படைக்கிறான். நிஜ எத்தனோ கணக்குச் சொல்வதில்லை. ஏமாந்தவர் ஆயுள் முழுவதும் தனக்குள்ளேயே அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

அதன் பிறகும் இத்தகைய நாடகங்களைப் பார்த்து மகிழ்கிறேன், மறைப்பானேன்! ஆனால் எத்தனின் புன்னகையோடு நின்றுவிடாமல், ஏமாந்தவரின் முகத்தையும் இப்போது ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அந்த முகத்தையும் நமக்குக் காட்டுகிற நாடகமே பெரிய நாடகம் என்பது என் எண்ணம்.